சிகாகோவின் முதலாம் தொகுதி: வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

"சிகாகோவில் ஒரு தொகுதியில் 1929-லிருந்து இன்றுவரை கறுப்பினத்தவர் மட்டுமே ஜெயித்து வருகிறார்கள், ஒபாமாகூட அங்கே ஒருமுறை தோற்றிருக்கிறார் என்கிறார்களே, அது நம் ஊர் தனித்தொகுதி போல ஒதுக்கப்பட்டதா?" என்பது கேள்வி.

ஒதுக்கப்பட்டது இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. இல்லினாய் மாநிலத்தின் முதலாம் தொகுதியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். சிகாகோவின் தெற்குப் பகுதியை மையமாகக் கொண்ட தொகுதி அது. பிரதிநிதிகள் சபைக்கு இவ்வளவு நீண்ட காலம் இடைவிடாமல் கறுப்பினத்தவரை அனுப்பிய தொகுதி அமெரிக்காவில் வேறு இல்லை. ஆனால் நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தலை மட்டும் பார்த்தால் இந்தத் தொகுதி பிடிபடாது. 1934 முதல் அங்கே ஜெயிப்பது ஜனநாயகக் கட்சிதான். அதனால் அந்தக் கட்சியின் வேட்பாளரை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேயரும் கட்சியின் வார்டு தலைவர்களுமா, ஓட்டுப் போடுகிற மக்களா? அந்தத் தொகுதியின் வரலாறு முழுக்க இந்த இழுபறிதான்.

முதலில் மக்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்துவிடலாம். 1910-ல் சிகாகோவில் இருந்த கறுப்பினத்தவர் 44,103 பேர். 1930-ல் 2,33,903 பேர். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா போன்ற தென் மாநிலங்களில் பருத்திக் காட்டில் அடிமைபோல உழைத்து, ஓட்டுரிமையும் இல்லாமல், கும்பல் கொலைக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் இல்லினாய் சென்ட்ரல் ரயிலில் ஏறி வடக்கே வந்தார்கள். சிகாகோவின் இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை கிடைத்தது. "சிகாகோ டிஃபெண்டர்" என்ற கறுப்பினப் பத்திரிகை தென் மாநிலங்கள் வரை போய் அவர்களை வரச்சொல்லி அழைத்தது. ஆனால் வந்தவர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியவில்லை. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வெள்ளை வீட்டுக்காரர்கள் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல்தான். அதுவரை தெற்குச் சிகாகோவின் ஒரு குறுகிய நீளப்பட்டைக்குள் லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பிரான்ஸ்வில் என்று பெயர் பெற்ற பகுதி இதுதான்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இல்லினாய் மாநிலம் 1901-ல் வரைந்த தொகுதி எல்லைகளை 1947 வரை மாற்றவே இல்லை. மாநிலச் சட்டமன்றத்தில் கிராமப்புறத்தார் கை ஓங்கியிருந்தது. சிகாகோவுக்குக் கூடுதல் இடம் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. அதனால் முதலாம் தொகுதியின் கோடு நகராமல் நின்றது, அதற்குள் மக்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். கறுப்பினத்தவருக்காக யாரும் அந்தத் தொகுதியை வரையவில்லை. வீட்டுப் பத்திரங்கள் அவர்களை ஒரே இடத்தில் அடைத்தன, அசையாத எல்லைக்கோடு அந்த அடைப்பையே பெரும்பான்மையாக மாற்றிவிட்டது. தெற்கில் இருந்ததுபோல ஓட்டுக்கு வரி, எழுத்தறிவுச் சோதனை என்ற தடைகள் சிகாகோவில் இல்லை. வந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

ஆனாலும் 1920-கள் வரை அவர்களுடைய பிரதிநிதி மார்ட்டின் மேடன் என்ற வெள்ளையர். குடியரசுக் கட்சிக்காரர், 1905-லிருந்து உறுப்பினர், நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர், பெரிய செல்வாக்கு. அடிமைமுறையை ஒழித்த லிங்கனின் கட்சி என்பதால் அன்றைக்குக் கறுப்பினத்தவரின் ஓட்டும் குடியரசுக் கட்சிக்குத்தான். 1928-ல் வில்லியம் டாசன் என்ற இளம் வழக்கறிஞர் கட்சிக்குள்ளேயே மேடனை எதிர்த்து நின்றார். மேடன் இந்தத் தொகுதியில் குடியிருக்கவும் இல்லை, வெள்ளையர் வேறு, இங்கே வாழ்பவர்களின் ஆசைகளை அவர் எப்படிப் பேசுவார் என்று வெளிப்படையாகவே கேட்டார். பிரைமரி என்கிற உட்கட்சித் தேர்தலில் கட்சியின் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவு செய்வார்கள். அதில் டாசன் தோற்றார். ஆனால் ஜெயித்த மேடன், அதே ஏப்ரல் மாதக் கடைசியில், தலைநகரில் தன் குழுவின் அறையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார்.

வேட்பாளர் தேர்வான பிறகு இறந்துவிட்டால் மறுபடி உட்கட்சித் தேர்தல் கிடையாது. தொகுதியில் உள்ள வார்டு தலைவர்கள் உட்கார்ந்து மாற்று ஆளை அறிவிப்பார்கள். இந்தத் தொகுதியில் இப்படி மூன்று முறை நடந்திருக்கிறது. முதல்முறை அந்த இடம் ஆஸ்கர் டி பிரீஸ்ட்டுக்குப் போனது.

அலபாமாவில் முன்னாள் அடிமைகளுக்குப் பிறந்தவர் டி பிரீஸ்ட். சிகாகோவுக்கு வந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடித்து, அப்புறம் வீட்டுமனைத் தொழிலில் பணம் பார்த்தவர். 1915-ல் 2-வது வார்டிலிருந்து சிகாகோ நகர மன்றத்துக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர். அந்த வார்டு எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும். உட்கட்சித் தேர்தலில் அவர் டாசனை ஆதரிக்கவில்லை, மேடன் பக்கம்தான் நின்றார். கட்சிக்கு விசுவாசமாக இருந்ததற்குக் கூலியாகத்தான், மேயர் வில்லியம் ஹேல் தாம்சனின் ஆதரவுடன் வேட்பாளர் பதவி கிடைத்தது. நவம்பரில் ஜெயித்தார்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு பின்னணி. வட கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் 1901-ல் பதவி முடிந்து வெளியேறியபோது சபையில் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ஃபீனிக்ஸ் பறவைபோல எங்கள் மக்கள் ஒருநாள் எழுந்து திரும்பி வருவார்கள் என்று கடைசி உரையில் சொல்லிவிட்டுப் போனார் அவர். 28 ஆண்டுகள் கழித்து, 1929 ஏப்ரலில், டி பிரீஸ்ட் உள்ளே வந்தார். அப்போதெல்லாம் மாநில வாரியாகப் பிரமாணம் எடுப்பது வழக்கம். முதலில் பிரமாணம் எடுத்த தென் மாநிலத்தார் டி பிரீஸ்ட்டின் முறை வரும்போது ஆட்சேபிக்கலாம் என்ற அச்சம் இருந்தது. சபாநாயகர் நிக்கலஸ் லாங்வொர்த் எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கச் சொல்லி மொத்தமாகப் பிரமாணம் செய்துவைத்தார். பிரமாணம் எடுக்காதவர் ஆட்சேபிக்க முடியாது, பிரச்சினை அங்கேயே முடிந்தது.

அவமதிப்பு வேறு வாசல்களில் வந்தது. அந்த ஜூன் மாதம் ஜனாதிபதி ஹூவரின் மனைவி, உறுப்பினர்களின் மனைவிகளுக்குக் கொடுத்த தேநீர் விருந்துகளில் ஒன்றுக்கு டி பிரீஸ்ட்டின் மனைவி ஜெஸ்ஸியையும் அழைத்தார். அதற்காகவே சில தென் மாநிலச் சட்டமன்றங்கள் கண்டனத் தீர்மானம் போட்டன. 1934-ல் நாடாளுமன்ற உணவகத்தில் டி பிரீஸ்ட்டின் செயலரையும் அவருடைய மகனையும் சாப்பிட விடாமல் திருப்பி அனுப்பினார்கள். டி பிரீஸ்ட் 145 உறுப்பினர்களின் கையெழுத்து வாங்கி விவகாரத்தைச் சபைக்குக் கொண்டுவந்தார். விசாரணைக் குழு கட்சி வாரியாகப் பிரிந்து, 3-க்கு 2 என்று உணவகத்தின் பக்கமே நின்றது. நாடு முழுவதிலும் இருந்த கறுப்பின மக்களுக்கு அன்று இருந்த ஒரே பிரதிநிதி அவர். தன்னைத் தேர்ந்தெடுத்தது வார்டு தலைவர்களாக இருந்தாலும், சபைக்குள் அவர் பேசியது தொகுதியையும் தாண்டிய அந்த மக்களுக்காக.

அதே ஆண்டு அவர் தோற்றார். பொருளாதார மந்தத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்களைக் கண்டு மக்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தார்கள். டி பிரீஸ்ட்டோ அந்தத் திட்டங்களை எதிர்த்தார். அவரைத் தோற்கடித்த ஆர்தர் மிட்செல் தன் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஹாரி பேக்கர் என்ற வெள்ளையரிடம் தோற்றிருந்தவர். பேக்கர் இறந்துபோக, இரண்டாம் முறையாக வார்டு தலைவர்கள் மாற்று ஆளைப் போட்டார்கள். ஜனநாயகக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பின உறுப்பினர் இப்படித்தான் உருவானார்.

மிட்செல் டி பிரீஸ்ட்டுக்கு நேர் எதிர். நாடாளுமன்றக் கட்டடத்தில் சாப்பிட விடுகிறார்களா, முடிவெட்டிக்கொள்ள விடுகிறார்களா என்ற சண்டைகளில் நேரம் செலவழிக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் பதவிக்கு வந்தார். 1937 ஏப்ரலில் சிகாகோவிலிருந்து ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலில் போனார். மெம்பிஸ் தாண்டி ஆர்கன்சா மாநிலத்துக்குள் வந்ததும், கறுப்பினத்தவருக்கான பெட்டிக்குப் போகாவிட்டால் கைது என்று கண்டக்டர் மிரட்டினார். போக வேண்டியதாயிற்று. ஆனால் மிட்செல் அதை விடவில்லை. ரயில்வேக்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம் புகாரைத் தள்ளுபடி செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போய், வழக்கைத் தானே வாதாடினார். 1941-ல் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது: முதல் வகுப்புக் கட்டணம் கொடுத்தவருக்கு முதல் வகுப்பு வசதியைக் கொடுத்தே ஆகவேண்டும். தனிப்பெட்டி முறையை அந்தத் தீர்ப்பு ஒழிக்கவில்லைதான். ஆனாலும் பயணத்தில் நடந்த பாகுபாட்டுக்கு எதிராகப் பின்னால் வந்த வழக்குகளுக்கு அது ஒரு படிக்கட்டு. சண்டையே வேண்டாம் என்று வந்தவர் அந்தத் தலைமுறையின் முக்கியமான சண்டைகளில் ஒன்றைப் போட்டு ஜெயித்தார். 1942-ல் அவர் மறுபடி போட்டியிடவில்லை.

அந்த இடத்துக்கு வந்தவர், 14 ஆண்டுகளுக்கு முன் மேடனை எதிர்த்துத் தோற்ற அதே வில்லியம் டாசன். இடையில் 2-வது வார்டின் நகர மன்ற உறுப்பினராக இருந்தார், குடியரசுக் கட்சியிலிருந்து ஜனநாயகக் கட்சிக்கு மாறினார், மேயர் எட் கெல்லியோடு சேர்ந்து தெற்குப் பகுதி வார்டுகளைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1943 முதல் 1970 வரை 28 ஆண்டுகள் பதவி. 1949-ல் அரசுச் செலவுகளைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைவரானார். நாடாளுமன்றத்தின் நிலைக்குழு ஒன்றுக்கு கறுப்பினத்தவர் தலைவரானது அதுவே முதல்முறை.

டாசனைப் பற்றித்தான் இன்றும் கருத்து வேறுபாடு அதிகம். அவருடைய அரசியல் நேரடியான கொடுக்கல் வாங்கல். வீடு வீடாகப் போய் ஓட்டுச் சேர்ப்பவருக்குத் தபால் நிலையத்திலோ நகராட்சியிலோ வேலை. தேர்தலில் மேயருக்கு மொத்த ஓட்டு. 1955-ல் ரிச்சர்ட் டேலி மேயரானதற்கு டாசனின் வார்டுகள் கொடுத்த பெரும் வித்தியாசம் முக்கியக் காரணம். 1960-ல் கென்னடி இல்லினாய் மாநிலத்தில் ஜெயித்தது 8,858 ஓட்டு வித்தியாசத்தில். டாசனின் ஆட்கள் திரட்டிய ஓட்டு இல்லாமல் அது நடந்திருக்காது. பதிலுக்குக் கென்னடி அமைச்சரவையில் இடம் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டார்.

நல்லதும் செய்தார். 1951-ல், இனம் கலந்த படைப்பிரிவில் பணியாற்ற விரும்பாத சிப்பாய் விலகிக்கொள்ளலாம் என்ற திருத்தத்தை மிசிசிப்பி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்தார். முதல் உலகப்போரில் பிரான்சில் விஷவாயு பட்டுத் திரும்பிய டாசன் எழுந்து தன் உடம்பையே சாட்சியாக வைத்துப் பேசினார். திருத்தம் தோற்றது. ஆனால் 1956-ல், இனம் பார்த்துப் பிரித்துவைக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்று நியூயார்க் ஹார்லெமின் கறுப்பின உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவெல் கொண்டுவந்த திருத்தத்தை டாசன் எதிர்த்தார். கல்வி மசோதாவே கவிழ்ந்துவிடும் என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் தெற்குச் சிகாகோவைச் சேர்ந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் கொல்லப்பட்டிருந்தான். உருக்குலைந்த அவன் உடலைத் தாய் மேமி டில் எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்த பெட்டியில் வைத்ததும் அதே தெற்குப் பகுதித் தேவாலயம் ஒன்றில்தான். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த மக்களின் கோபத்துக்கு ஈடான ஒரு குரல் தலைநகரில் டாசனிடமிருந்து வரவில்லை. வேலையும் பதவியும் வாங்கிக்கொடுத்தவர்தான், ஆனால் மேயர் அலுவலகம் விரும்பாததை அவர் பேசாமல் இருந்ததற்கு அந்த மக்கள் பெரிய விலை கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

அதனாலேயே இந்த வரிசையில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியவர் ரால்ஃப் மெட்காஃப். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் எடி டோலனுக்கு இம்மி பின்னால் வெள்ளி. 1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து மறுபடி வெள்ளி, தொடர் ஓட்டத்தில் ஓவன்ஸோடு சேர்ந்து தங்கம். டாசனின் சீடர், டேலியின் விசுவாசி, 3-வது வார்டு உறுப்பினர். 1970-ல் டாசன் ஒதுங்கியபோது கட்சி அவரையே நிறுத்தியது. இன்னொரு டாசன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

1972-ல் இரண்டு கறுப்பின பல் மருத்துவர்களைச் சிகாகோ போலீஸ் நடத்திய விதம் அவரை மாற்றியது. இருவரும் சமூகத்தில் மதிக்கப்பட்டவர்கள். ஒருவர் பக்கவாதம் வந்து காரில் நிலைகுலைந்திருக்க, குடிகாரர் என்று லாக்கப்பில் போட்டார்கள். மெட்காஃப், மேயர் தன் அலுவலகத்துக்கு வந்து மக்களைச் சந்திக்க வேண்டும் என்றார். டேலி வரவில்லை. 20 ஆண்டுப் பழக்கத்தை அங்கேயே முறித்துக்கொண்டு, போலீஸ் அத்துமீறல் பற்றிப் பொது விசாரணை நடத்தினார். கறுப்பினத்தவனாக நிற்பதற்குக் காலம் கடந்துவிடவில்லை என்று அவர் சொன்னது அன்று ஊரெங்கும் பேசப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில், கறுப்பினத்தவரின் உரிமைக்குப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் (பிளாக் பாந்தர்) இயக்கத்தின் ஃபிரெட் ஹாம்ப்டனைக் கொன்ற 1969 போலீஸ் சோதனைக்குப் பொறுப்பான அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹன்ராஹனை, சொந்தக் கட்சிக்காரர் என்றும் பார்க்காமல் எதிர்த்தார். ஹன்ராஹன் தோற்றார். டேலி பதிலுக்கு 1976 உட்கட்சித் தேர்தலில் மெட்காஃபுக்கு எதிராக ஆள் நிறுத்தினார். மக்கள் மெட்காஃபைப் பெரும் வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்தார்கள். மேயரின் ஆளைத் தோற்கடிக்கலாம் என்று அந்தத் தொகுதிக்குத் தெரிந்தது அப்போதுதான்.

1978 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது மெட்காஃப் இறந்தார். மூன்றாம் முறையாக வார்டு தலைவர்கள் கூடினார்கள். பென்னட் ஸ்டூவர்ட் என்ற நகர மன்ற உறுப்பினரைப் போட்டார்கள். ஒரே தவணைதான். 1980 உட்கட்சித் தேர்தலில் ஹெரால்ட் வாஷிங்டன் அவரைத் தோற்கடித்தார்.

ஹெரால்ட், பிரான்ஸ்வில்லில் வளர்ந்தவர். அப்பா ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுச் சேர்க்கும் வேலை பார்த்தவர். கட்சி அமைப்பு உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே வெளியேறியவர். நாடாளுமன்றத்தில் இருந்தது இரண்டு ஆண்டுக்குச் சற்று அதிகம்தான், ஆனால் ஓட்டுப் போடுவதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்தை 1982-ல் நீட்டித்ததில் அவர் பங்கு பெரிது. மேயர் பதவிக்கு நிற்கச் சொல்லிக் கேட்டவர்களிடம், முதலில் புது வாக்காளர்களைப் பதிவு செய்து காட்டுங்கள் என்றார். ஒரு லட்சத்துக்கும் மேல் பதிவு செய்தார்கள். 1983 ஏப்ரல் 12-ல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தொகுதிக்கு ஆள் போட்டுக்கொண்டிருந்த மேயர் நாற்காலியில் அந்தத் தொகுதியின் உறுப்பினரே போய் உட்கார்ந்தார்.

காலியான இடத்துக்கு அவர் ஆதரித்த சார்லஸ் ஹேய்ஸ் வந்தார். இறைச்சித் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்தவர். தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் நிறவெறியை எதிர்த்துப் போராடிக் கைதானவர். 1992-ல் நாடாளுமன்ற வங்கியில் அளவுக்கு மீறி எழுதிய காசோலைகள் பற்றிய ஊழல் வெடித்தது. ஹேய்ஸ் பெயரில் 716 என்ற செய்தி ஓட்டுப் பதிவுக்குச் சில நாள் முன்னால் வெளிவர, பாபி ரஷ்ஷிடம் மயிரிழையில் தோற்றார்.

பாபி ரஷ், இல்லினாய் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஃபிரெட் ஹாம்ப்டனின் தோழர். டாசன் பிறந்த அதே ஆல்பனி, ஜார்ஜியாவில் பிறந்தவர். 1983-ல் நகர மன்றத்துக்குப் போனது அதே 2-வது வார்டிலிருந்து. டி பிரீஸ்ட், டாசன், ரஷ் மூவருக்கும் படிக்கட்டு அந்த ஒரே வார்டு.

இப்போது ஒபாமா விஷயம். 1999-ல் ரஷ் மேயர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்திருந்தார். இவரை அசைக்கலாம் என்று ஹைட் பார்க் பகுதியின் மாநில செனட்டராக இருந்த ஒபாமா கணக்குப் போட்டார். கணக்கு தவறியது. அந்த அக்டோபரில் ரஷ்ஷின் மகன் சுடப்பட்டு இறந்தார். தொகுதியே துக்கத்தில் அவர் பக்கம் திரும்பியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா மீது மாநில செனட்டில் ஓட்டெடுப்பு நடந்தபோது, மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒபாமா ஹவாயிலிருந்து திரும்பவில்லை. ஜனாதிபதி கிளின்டன் ரஷ்ஷை ஆதரித்தார். 2000 மார்ச்சில் ரஷ்ஷுக்கு 61 சதவீதம், ஒபாமாவுக்கு 30. இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது என்று நினைக்கிறேன்: ஹார்வர்டில் படித்து, பல்கலைக்கழகப் பகுதியில் குடியிருந்தவரை, தெற்குப் பகுதி மக்கள் இன்னும் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்ளவில்லை. அங்கே ஆளை நம்பப் பல ஆண்டு ஆகும்.

ரஷ் 30 ஆண்டுகள் இருந்தார். 2012-ல், தலையை மூடும் ஹூடி அணிந்திருந்த டிரேவான் மார்ட்டின் என்ற கறுப்பின இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தானும் ஹூடி அணிந்து சபையில் பேச, அவரை வெளியே அழைத்துப் போனார்கள். ஆனால் அவர் பெயரைச் சொல்லப்போவது எம்மெட் டில் பெயரிலான சட்டம். கும்பல் கொலையை மத்தியக் குற்றமாக்கும் முதல் மசோதாவை ஜார்ஜ் ஒயிட் 1900-ல் கொண்டுவந்தார். டி பிரீஸ்ட்டும் ஒன்று கொண்டுவந்தார். 200-க்கும் மேற்பட்ட முயற்சிகள் தோற்ற பிறகு, ரஷ் கொண்டுவந்த மசோதா 422-க்கு 3 என்று பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, 2022 மார்ச் 29-ல் சட்டமானது.

அந்த ஆண்டே ரஷ் ஓய்வு பெற்றார். ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலில் 17 பேர் நின்றார்கள். ரஷ் வேறொருவரை ஆதரித்தும், கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் மகன் ஜோனதன் ஜாக்சன் சுமார் 28 சதவீத ஓட்டோடு ஜெயித்தார். ஆள் போடும் மேயரும் இல்லை, வார்டு தலைவர்களின் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு ஓட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கேட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொகுதியின் வடிவமும் மாறிவிட்டது. சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1980-ல் 12 லட்சத்தை நெருங்கியது. 2020-ல் 8 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. வேலையும் பாதுகாப்பும் தேடி மக்கள் புறநகருக்கும் தென் மாநிலங்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆள் குறையக் குறைய, கணக்குச் சரியாக வர எல்லையைத் தெற்கே இழுத்தார்கள். இப்போது அது தெற்குச் சிகாகோவிலிருந்து வில், கங்கக்கீ மாவட்டங்களின் விளைநிலம் வரை போகிறது. வாக்காளர்களில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய பாதிப் பேர்தான். 1901-ன் அசையாத கோடு உருவாக்கிய பெரும்பான்மையை இன்று காப்பாற்றுவது பத்தாண்டுக்கு ஒருமுறை மாநிலச் சட்டமன்றம் வரையும் கோடு. அடுத்தது 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு வரும்.